ஒரு எண்ணுக்கு மூன்று முகவரி: கருப்பை உட்படலப் புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ. தரவை ஒழுங்குபடுத்துவது எப்படி

கருப்பை உட்படலப் புற்றுநோயில் எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடுகிறது, எது குறைகிறது என்று தேடினால் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியல் இருக்கும். நான்கைந்து பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பல பெயர்கள் பொருந்துவதில்லை. சில பெயர்கள் ஒரு கட்டுரையில் ஏறுமுகமாகவும் இன்னொன்றில் இறங்குமுகமாகவும் நிற்கும். இந்த முரண்பாட்டில் ஒரு பங்கு நோயின் இயல்பிலிருந்தே வருகிறது. மற்றொரு பங்கு தரவைக் குறித்துவைத்த விதத்திலிருந்து வருகிறது. அது வெளியிலிருப்பவர்கள் நினைப்பதைவிடப் பெரியது. அளந்த எண் ஒவ்வொன்றோடும் மூன்று விவரங்கள் பிரியாமல் இருக்க வேண்டும்: அளந்தது எந்த மூலக்கூறு, அது எந்தத் திசுவிலிருந்து வந்தது, எதனோடு ஒப்பிட்டு ‘கூடியது’ என்கிறோம். இவற்றில் ஒன்று தொலைந்தாலும் அந்த எண்ணை வேறோர் ஆய்வின் எண்ணோடு சேர்க்க வழியில்லை.

முதலில் நோயைப் பற்றி. 2022இல் உலக அளவில் சுமார் 4,20,000 பெண்களுக்குக் கருப்பை உடல் பகுதியில் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரத் தொகுப்பான குளோபோகேனின் மதிப்பீடு சொல்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உட்படலத்தில், அதாவது எண்டோமெட்ரியத்தில், தொடங்குபவை. நுண்ணோக்கியில் பார்த்தால் எண்டோமெட்ரியாய்டு, சீரஸ், தெளிசெல் வகை, கார்சினோசார்கோமா என்று பிரியும். அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டம், அதாவது டி.சி.ஜி.ஏ., 2013இல் 373 கட்டிகளின் ஆய்வை வெளியிட்டபோது இந்த நோயை நான்கு மூலக்கூறு வகைகளாகப் பிரித்துக் காட்டியது: ‘போல்-ஈ’ மரபணுப் பிறழ்வால் அளவுகடந்த பிறழ்வுகள் கொண்டவை, மைக்ரோசாட்டிலைட் நிலையற்றவை, மரபணு நகல் எண்ணிக்கையில் மாற்றம் குறைந்தவை, அந்த மாற்றம் மிகுந்தவை. மகளிர்நோய் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோ 2023இல் வெளியிட்ட நோய்நிலைப் பகுப்பு இந்த மூலக்கூறு வகையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆக, ‘கட்டி’ என்ற ஒரே நெடுவரிசையில் இவை அனைத்தையும் போட்டு சராசரி எடுத்தால் கிடைப்பது எந்த நோயாளிக்கும் உரிய எண்ணாக இருக்காது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள சிறிய ஆர்.என்.ஏ. புரதம் எதையும் உருவாக்காது, தூது ஆர்.என்.ஏ.வில் பொருந்தி உட்கார்ந்து, அதிலிருந்து புரதம் உருவாவதை அடக்கும். விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 1993இல் புழுவில் கண்டறிந்த இந்த வழிமுறைக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லின் கருவுக்குள் நீண்ட ஆர்.என்.ஏ. ஒன்றை ட்ரோஷா என்ற நொதி வெட்டி, கொண்டை ஊசிபோல் மடிந்த சுமார் 70 எழுத்து நீள முன்வடிவத்தைத் தரும். வெளியே டைசர் நொதி அதன் வளைவை நறுக்கும். மிஞ்சும் இரண்டு கைகளில் (5பி, 3பி) ஒன்றோ இரண்டுமோ செயல்படும் முதிர்வடிவமாகும். இலக்கைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியப் பங்கு 2ஆம் எழுத்து முதல் 8ஆம் எழுத்து வரையிலான ‘விதைப்’ பகுதிக்கு. தரவுக் குழப்பங்கள் பெரும்பாலும் இந்த உயிரியலை மறந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பெயரைச் சாவியாக வைக்காதீர்கள்

ஆங்கிலத்தில் ‘மிர்-21’ என்று எழுதும்போது கடைசி ‘ஆர்’ சிறிய எழுத்தாக இருந்தால் அது முன்வடிவம். பெரிய எழுத்தாக இருந்தால் முதிர்வடிவம். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பட்டியலிடும் மிர்பேஸ் தரவுத்தளத்தில் மனித மிர்-21இன் முன்வடிவத்துக்கு எம்ஐ0000077 என்ற எண்ணும், 5பி கையின் முதிர்வடிவத்துக்கு எம்ஐஎம்ஏடி0000076 என்ற எண்ணும் தரப்பட்டிருக்கின்றன. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இயல்புநிலை அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அதில் பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தால் முன்வடிவமும் முதிர்வடிவமும் ஒன்றாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆர் மொழியிலும் பைத்தானிலும் இதற்கு நேர்மாறு: எழுத்தளவு மாறினால் பெயர் பொருந்தாது, வரிகள் ஓசையில்லாமல் உதிர்ந்துபோகும். இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்ப்பதைக் கட்டாயப் பழக்கமாக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் கைகள். 2011ஐ ஒட்டிய காலம்வரை, குறைவாகக் கிடைக்கும் கைக்குப் பெயரின் முடிவில் நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். பிறகு அந்தக் குறி கைவிடப்பட்டு 5பி, 3பி என்ற ஒட்டுகள் வந்தன. சீரஸ் வகை பற்றிய பழைய ஆய்வுகளில் மிர்-10பி* என்ற பெயரைப் பார்க்கலாம். இன்றைய பெயரில் அது மிர்-10பி-யின் 3பி கை. பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது அந்த நட்சத்திரம் பல வேளைகளில் உதிர்ந்துவிடும். நட்சத்திரம் போனால் அது 5பி கை என்றே வாசிக்கப்படும். வரிசைமுறையும் விதையும் இலக்குகளும் வேறான இன்னொரு மூலக்கூறாகிவிடும். அதே பி.டி.எஃப். நகலில் சாதாரண இணைகோட்டுக்குப் பதிலாக நீளமான கோடு வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள்.

பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பெயர்களும் இருக்கின்றன. மிர்-720, மிர்-1274 போன்றவை பழைய மைக்ரோஅரே ஆய்வுகளில் பளிச்சென்று தெரியும். அவை உண்மையில் கடத்து ஆர்.என்.ஏ.வின் துண்டுகள் என்று தெரிந்த பிறகு மிர்பேஸ் அவற்றை எடுத்துவிட்டது. 2018 அக்டோபரில் வந்த மிர்பேஸ் 22.1 பதிப்பில் மனிதருக்கு 1,917 முன்வடிவங்களும் 2,654 முதிர்வடிவங்களும் இருக்கின்றன. அதிலும் ஐயத்துக்குரியவை நிறைய. கடுமையான அளவுகோல் வைத்துத் தொகுக்கும் மிர்ஜீன்டிபி மனிதருக்கு ஏற்பது ஐந்நூற்றுச் சொச்சம் மரபணுக்களை மட்டுமே. இரண்டு தொகுப்பிலும் இருக்கிறதா என்ற ‘ஆம்/இல்லை’ நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துவைத்தால், பின்னால் வடிகட்டும்போது பெரிய உதவியாக இருக்கும்.

ஆகவே முதன்மைச் சாவியாக, அதாவது அட்டவணைகளை இணைக்கும் அடையாளமாக, முதிர்வடிவத்தின் வரிசைமுறையையே வையுங்கள். பெயரும் எம்ஐஎம்ஏடி எண்ணும் மிர்பேஸ் பதிப்பும் அதன் பக்கத்தில் இருக்கட்டும். பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் அளந்த மூலக்கூறின் எழுத்துகள் மாறுவதில்லை. மிர்-199ஏ, மிர்-199பி ஆகியவற்றின் 3பி கைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. வரிசையாக்கத்தாலோ பி.சி.ஆர். முறையாலோ அவற்றைப் பிரிக்க முடியாது. பெயரைச் சாவியாக வைத்த அட்டவணையில் அவை இரண்டு ‘கண்டுபிடிப்பு’களாகத் தோன்றும். வரிசைமுறையை வைத்தால் ஒரே வரியாக நிற்கும், அதுதான் உண்மை.

இதற்கு நேரெதிரான உதாரணம் மிர்-200 குடும்பம். எபிதீலியச் செல்கள் (உறுப்புகளின் பரப்பை மூடும் செல்கள்) தம் தன்மையை இழக்காமலிருக்க செப்1, செப்2 மரபணுக்களை அடக்கிவைக்கும் குடும்பம் இது. உட்படலப் புற்றுநோய்ப் பட்டியல்களில் அடிக்கடி வருவது. ஐவரில் 200ஏ, 200பி, 429 மூன்றும் 1ஆம் குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன. 200சி, 141 இரண்டும் 12ஆம் குரோமோசோமில். ஆனால் விதைப் பகுதியைப் பார்த்தால் அணி மாறுகிறது: 200பி, 200சி, 429 மூன்றும் ஒரு விதை; 200ஏ, 141 இரண்டும் மற்றொன்று. நடுவில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. எனவே ‘குரோமோசோம் தொகுதி’ என்றும் ‘விதைக் குடும்பம்’ என்றும் இரண்டு தனி நெடுவரிசைகள் வேண்டும். எவை சேர்ந்து உற்பத்தியாகின்றன என்ற கேள்விக்கு முதலாவதும், எவை ஒரே இலக்கைத் தாக்கும் என்ற கேள்விக்கு இரண்டாவதும் விடை தரும். ‘மிர்-200 குடும்பம்’ என்று ஒரே பெட்டியில் எழுதினால் இரண்டு கேள்விக்குமே விடை கிடைக்காது.

குரோமோசோம் இடத்தைக் குறிக்கும்போது மரபணுத்தொகுதியின் பதிப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். மிர்-21 மரபணு 17ஆம் குரோமோசோமில், ஜிஆர்சிஹெச்37 பதிப்பில் 57,918,627ஆம் இடத்தில் தொடங்குகிறது. ஜிஆர்சிஹெச்38 பதிப்பில் 59,841,266ஆம் இடத்தில். ஏறக்குறைய 19 லட்சம் எழுத்து வித்தியாசம். பெட் வகைக் கோப்பு சுழியத்திலிருந்து எண்ணுவதால் அதில் இதே தொடக்கம் 59,841,265 என்று இருக்கும். 22 எழுத்து நீளமுள்ள ஒன்றில் ஓர் எழுத்து தள்ளினாலே விதை மாறிவிடும் என்பதால், இந்த ஒன்றை அலட்சியப்படுத்த முடியாது.

திசுவின் கலவையே எண்ணாக வரும்

கருப்பைத் தரவில் நாம் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். கருப்பையின் சுவர் பெரும்பாலும் மென்தசை. மிர்-143, மிர்-145 இரண்டும் மென்தசையில் மிக அதிகமாக இருப்பவை. ‘இயல்பான’ திசு என்று எடுத்த துண்டில் கொஞ்சம் தசைச்சுவர் ஒட்டிக்கொண்டிருந்தாலே அதில் இவை இரண்டும் உயர்ந்து நிற்கும். கட்டித் துண்டு பெரும்பாலும் எபிதீலியச் செல்களால் ஆனதாக இருந்தால் அதில் இவை தாழ்ந்து தெரியும். உடனே ‘புற்றுநோயில் மிர்-145 குறைகிறது’ என்ற வரி பிறக்கிறது. செல்லுக்குள் எதுவும் குறையாமலேயே இப்படி நடக்கலாம். மிர்-200 குடும்பத்தில் இதன் மறுபக்கம்: அது எபிதீலியத்துக்கு உரியது என்பதால், எபிதீலியம் மிகுந்த கட்டியில் தானாகவே ‘கூடும்’. ஸ்ட்ரோமாவில் (செல்களைத் தாங்கும் இணைப்புத் திசுவில்) மிகுந்திருக்கும் மிர்-199, மிர்-214 ஆகியவையும் இதே கணக்கில் அடங்கும்.

இதற்குத் தீர்வு பதிவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் நோய்க்குறியியல் மருத்துவர் கண்ணால் மதிப்பிட்ட கட்டிச் செல் விழுக்காடு, ஸ்ட்ரோமா விழுக்காடு, தசை இருந்ததா இல்லையா, லேசர் நுண்வெட்டால் எபிதீலியம் மட்டும் பிரிக்கப்பட்டதா என்பவை தனித்தனி நெடுவரிசைகளாக இருக்க வேண்டும். அந்த விவரம் கிடைக்காத பழைய தரவில், மிர்-143, மிர்-145, மிர்-199ஏ, மிர்-200சி ஆகியவற்றின் அளவுகளையே திசுக்கலவையின் அடையாளமாக எடுத்து மாதிரிகளைச் சிதறல் படத்தில் போட்டுப் பாருங்கள். ‘இயல்பு’ மாதிரிகளில் சில மட்டும் தசைப் பக்கம் ஒதுங்கி நிற்பது தெரிந்துவிடும்.

ஒப்பீட்டுத் திசுவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எண்டோமெட்ரியம் மாதாமாதம் மாறும் திசு. வளர்ச்சிக் கட்டம், சுரப்புக் கட்டம், மாதவிடாய் நின்ற பிறகு மெலிந்த நிலை மூன்றிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவுகள் வேறுபடும். மிர்-449 குடும்பமும் மிர்-34பி/சி இணையும் நுண்மயிர் கொண்ட செல்களில் மிகுந்தவை. அந்தச் செல்களின் பங்கு சுழற்சியோடு ஏறி இறங்கும். அறுபது வயது நோயாளியின் கட்டியை, வேறு காரணத்துக்காகக் கருப்பை அகற்றப்பட்ட நாற்பது வயதுப் பெண்ணின் வளர்ச்சிக் கட்ட உட்படலத்தோடு ஒப்பிட்டால், கிடைக்கும் வித்தியாசத்தில் வயதும் ஹார்மோனும் நோயும் கலந்திருக்கும். ஆகவே ‘இயல்பு’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதாமல், எவருடையது (அதே நோயாளியா, வேறு பெண்ணா), எந்தக் கட்டம், மாதவிடாய் நின்றதா, மிகைவளர்ச்சி இருந்ததா என்று பிரித்து எழுதுங்கள். டாமாக்ஸிஃபென், புரோஜெஸ்டின் மாத்திரை, ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனம் ஆகியவை பயன்பாட்டில் இருந்தனவா என்பதும் வேண்டும்.

இரத்த மாதிரிகளுக்குத் தனி நெடுவரிசைகள். சிவப்பணு உடைந்தால் அதிலிருக்கும் மிர்-451ஏ, மிர்-16, மிர்-486, மிர்-92ஏ எல்லாம் பிளாஸ்மாவில் கொட்டும். மிர்-16ஐ அடிப்படை அளவாக வைத்து மற்றவற்றைக் கணக்கிட்ட பிளாஸ்மா ஆய்வுகள் நிறைய உண்டு. இரத்தம் சற்றே உடைந்திருந்தாலும் அங்கே எல்லா எண்களும் சாய்ந்துவிடும். பி.சி.ஆரில் எத்தனையாவது சுற்றில் சமிக்ஞை தெரிகிறது என்பதே சிக்யூ; அது குறைந்தால் மூலக்கூறு அதிகம். மிர்-23ஏ-யின் சிக்யூ மதிப்பிலிருந்து மிர்-451ஏ-யின் சிக்யூ மதிப்பைக் கழித்தால் 5க்குக் கீழே இருப்பது நல்லது. 7ஐத் தாண்டினால் அந்த மாதிரியில் சிவப்பணு உடைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஹெப்பாரின் குழாயில் எடுத்த இரத்தம் பி.சி.ஆர். நொதியைத் தடுக்கும் என்பதால் குழாய் வகையையும், தட்டணுக்களை நீக்க எத்தனை முறை சுழற்றினார்கள் என்பதையும் குறிக்க வேண்டும்.

ஆய்வகத்தின் தடம்

ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் சாதாரண சிலிக்கா வடிகட்டிகள் 200 எழுத்துக்குக் குறைந்தவற்றைக் கழுவி வெளியே அனுப்பிவிடும். எத்தனால் விகிதத்தைக் கூட்டினால்தான் சிறியவை தங்கும். எனவே எந்தக் கிட், எந்த நெறிமுறை என்பது தரவின் பகுதிதான். ட்ரைசால் முறையில் செல்கள் மிகக் குறைவாக இருக்கும்போது, ஜி, சி எழுத்துகள் குறைந்த சிறிய ஆர்.என்.ஏ.க்கள் தேர்ந்தெடுத்தாற்போல் தொலைகின்றன என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. அப்படித் தொலைவதாக முதலில் பிடிபட்டவற்றில் மிர்-141 ஒன்று. அதாவது நாம் பார்க்கும் மிர்-200 குடும்பத்து உறுப்பினர். சிறு பயாப்சித் துண்டில் மிர்-141 குறைந்து, உடன் உற்பத்தியாகும் 200சி குறையாமல் இருந்தால், உயிரியல் விளக்கம் தேடுவதற்கு முன் பிரித்தெடுத்த அளவைப் பாருங்கள்.

வரிசையாக்கத்துக்குத் தயாரிக்கும்போது சிறிய ஆர்.என்.ஏ.வின் இரு முனைகளிலும் அடாப்டர் என்ற குறுகிய துண்டு ஒட்டப்படும். ஒட்டும் நொதி எல்லா முனைகளையும் ஒரே மாதிரி விரும்பாது. இதனால் ஒரே மாதிரியை இரண்டு கிட்டுகளில் ஓட்டினால் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் எண்ணிக்கை பல மடங்கு வேறுபடும். முனைகளில் நான்கு தற்செயல் எழுத்துகள் வைத்த அடாப்டர்கள் இந்தச் சாய்வைக் குறைக்கும். ஆனால் அடாப்டரை வெட்டியபின் இரு பக்கமும் நான்கு எழுத்துகளைக் கூடுதலாக வெட்ட வேண்டும். வெட்ட மறந்தால் ரீட்கள் (கருவி படித்துத் தரும் வரிசைத் துண்டுகள்) 30 எழுத்து நீளத்தில் நின்று எதிலும் பொருந்தாது. ஆகவே கிட்டின் பெயரோடு அடாப்டரின் வரிசைமுறை, வெட்டும் விதி, குறைந்தபட்ச நீளம் மூன்றையும் எழுதிவையுங்கள். வெவ்வேறு கிட்டுகளில் எடுத்த எண்ணிக்கைகளை ஒரே அட்டவணையில் நேரடியாகக் கலக்காதீர்கள். ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் கட்டி–இயல்பு வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்த வித்தியாசங்களைச் சேர்ப்பதே பாதுகாப்பான வழி.

ஒவ்வொரு மாதிரிக்கும் ரீட்களின் நீளப் பரவல் படம் ஒன்றைச் சேமிப்பது செலவில்லாத தரச்சோதனை. நல்ல மாதிரியில் 22 எழுத்தில் கூர்மையான சிகரம் தெரியும். மெழுகில் பதித்துப் பல ஆண்டுகள் வைத்திருந்த திசுவிலும், எடுத்தபின் நெடுநேரம் வெளியே கிடந்த திசுவிலும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. சிதைவுகள் கலந்து அந்தச் சிகரம் பரந்துபோகும். ஆர்.என்.ஏ. முழுமையைக் காட்டும் வழக்கமான ‘ரின்’ எண் பெரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களைப் பார்த்துச் சொல்வது, மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நிலையை அது நேரடியாகச் சொல்லாது.

டி.சி.ஜி.ஏ. கோப்பைத் திறக்கும்போது

பொதுவெளியில் கிடைக்கும் மிகப் பெரிய தொகுப்பு டி.சி.ஜி.ஏ.வின் உட்படலப் புற்றுநோய்ப் பிரிவான யூசிஇசி திட்டம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிகளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. வரிசையாக்கம் இருக்கிறது, வான்கூவரில் உள்ள மரபணுத்தொகுதி அறிவியல் மையம் செய்தது. கார்சினோசார்கோமா இதில் இல்லை; அது யூசிஎஸ் என்ற தனித் திட்டம். டி.சி.ஜி.ஏ. தரவு கிடைக்கும் ஜிடிசி தளத்தில் இப்போது இருப்பவை ஜிஆர்சிஹெச்38 பதிப்பையும் மிர்பேஸ் 21ஐயும் வைத்து மறுபடி கணக்கிடப்பட்டவை. பழைய கோப்புகளைப் பயன்படுத்திய கட்டுரைகளோடு இவற்றின் எண்கள் அப்படியே ஒத்துப்போகாது.

ஒரு மாதிரிக்கு இரண்டு எண்ணிக்கைக் கோப்புகள் கிடைக்கும். ஒன்றின் பெயரில் ‘மிர்னாஸ்’ என்று இருக்கும். அதில் 1,881 வரிகள். இந்த எண்ணே துப்பு: மிர்பேஸ் 21இல் மனித முன்வடிவங்கள் 1,881. அதாவது இந்தக் கோப்பு முன்வடிவ அளவிலானது. 5பி கையும் 3பி கையும் இதில் கூட்டப்பட்டுவிட்டன. கையாள எளிது என்பதால் பலர் இதையே எடுத்து ‘மிர்-21-5பி’ என்று எழுதுகிறார்கள். மிர்-21இல் 5பி கையே மிக அதிகம் என்பதால் பெரிய தவறு நேராது. இரு கைகளும் கணிசமாக இருக்கும் மிர்-199ஏ, மிர்-142 போன்றவற்றில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

முதிர்வடிவ எண்ணிக்கைக்கு ‘ஐசோஃபார்ம்ஸ்’ என்ற மற்ற கோப்பைத் திறக்க வேண்டும். அதன் கடைசி நெடுவரிசையில் ‘மெச்சூர்’ என்ற சொல்லும் ஒரு காற்புள்ளியும் எம்ஐஎம்ஏடி எண்ணும் சேர்ந்திருக்கும். அந்த எண்ணைப் பிரித்தெடுத்து, ஒரே எண் கொண்ட வரிகளின் ரீட் எண்ணிக்கையைக் கூட்டினால் முதிர்வடிவ அளவு கிடைக்கும். முன்வடிவம், தண்டுவளைவு, குறிக்கப்படாதவை என்று வரும் வரிகளை ஒதுக்கிவிடலாம். லெட்-7ஏ போன்றவை மூன்று இடங்களிலிருந்து ஒரே முதிர்வடிவத்தைத் தருபவை. முன்வடிவக் கோப்பில் அவற்றின் மூன்று வரிகளிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையைப் பார்ப்பீர்கள். மூன்றும் ‘கூடின’ என்றால் அது மூன்று சான்று அல்ல, ஒரே சான்று.

மாதிரி அடையாளம் பார்கோடில் இருக்கிறது. இணைகோடுகளையும் சேர்த்து முதல் 12 எழுத்துகள் நோயாளியைக் குறிக்கும். அடுத்து வரும் இரட்டை இலக்கம் மாதிரி வகை: 01 என்றால் முதன்மைக் கட்டி, 11 என்றால் அதே நோயாளியின் இயல்புத் திசு. மருத்துவ விவரங்களை இணைக்க 12 எழுத்து போதும் என்று அதோடு வெட்டிவிடுவார்கள். அங்கே 01உம் 11உம் ஒரே பெயராகி, கட்டியும் இயல்பும் கலந்துவிடும். மூன்றாகப் பிரித்துச் சேமியுங்கள்: நோயாளி அட்டவணைக்கு 12 எழுத்து, மாதிரி அட்டவணைக்கு 16 எழுத்து, நூலக அட்டவணைக்கு முழுப் பார்கோடு. ஒரே கட்டியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் இருந்தால் எதை வைத்துக்கொள்வது என்ற விதியைப் பகுப்பாய்வுக்கு முன்பே எழுதிவையுங்கள். பார்கோடின் ஆறாவது பகுதி தட்டின் எண். வெவ்வேறு தட்டுகளில் ஓடிய மாதிரிகள் தனித்தனிக் கொத்தாக விலகுகின்றனவா என்று முதலில் சோதிக்க அது உதவும்.

இன்னொன்று: ஐந்நூறுக்கு மேற்பட்ட கட்டிகளுக்கு எதிரே இயல்பு மாதிரிகள் முப்பதைச் சற்றே தாண்டும். இந்தச் சமமின்மையோடு கட்டி–இயல்பு ஒப்பீடு செய்தால் ‘புள்ளியியல் முக்கியத்துவம்’ கொண்ட பெயர்கள் நூற்றுக்கணக்கில் குவியும். டி.சி.ஜி.ஏ.வின் உண்மையான பலம் கட்டிகளுக்குள் நான்கு மூலக்கூறு வகைகளை ஒப்பிடுவதில் இருக்கிறது. அந்தக் கேள்விக்குத் திசுக்கலவைச் சிக்கலும் குறைவு.

பத்து லட்சத்துக்கு எத்தனை ரீட் என்ற அளவை ஆய்வுகளுக்கு இடையே ஒப்பிடும்போதும் ஜாக்கிரதை வேண்டும். மிர்-21, மிர்-143 போன்ற சிலவே மொத்த ரீட்களில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று ஏறினால் மற்றவை எல்லாம் அசையாமலேயே விகிதத்தில் இறங்கும். ஆகவே மூல எண்ணிக்கையைத்தான் நிரந்தரமாகச் சேமிக்க வேண்டும். இயல்பாக்கிய மதிப்புகளை எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்ற குறிப்போடு தனிக் கோப்பில் வையுங்கள். வேண்டும்போது மறுபடி கணக்கிடலாம்.

கட்டுரைகளிலிருந்து தொகுக்கும் அட்டவணை

வெளிவந்த ஆய்வுகளைத் தொகுப்பவர்கள் ஒரு கட்டுரைக்கு ஒரு வரி என்று தொடங்குகிறார்கள். அது சில வாரங்களில் உடைந்துவிடும். ஒரு வரி என்பது ஒரு மூலக்கூறு, ஒரு ஒப்பீடு, ஒரு அளவீட்டு முறை. ஒரே கட்டுரை மைக்ரோஅரேயில் மிர்-205ஐப் பார்த்து, பி.சி.ஆரில் உறுதிசெய்து, சீரஸ் வகையில் தனியாகவும் பார்த்திருந்தால் அது மூன்று வரி.

‘கூடியது’, ‘குறைந்தது’ என்ற சொல்லை மட்டும் எடுத்தெழுதாமல் எண்ணையும், அந்த எண் எந்த அளவுகோலில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பி.சி.ஆர். கட்டுரைகளில் டெல்டா சிக்யூ மதிப்பு கூடினால் மூலக்கூறின் அளவு குறைவு என்று பொருள். இங்கேதான் தொகுப்பு அட்டவணைகளில் திசை தலைகீழாகிறது. 0.5 என்ற மதிப்பு மடங்காக இருந்தால் பாதியாகக் குறைந்தது. இரண்டின் மடக்கையாக இருந்தால் ஏறக்குறைய 1.4 மடங்கு கூடியது. அடிப்படை அளவாக எதை வைத்தார்கள் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். யூ6 என்று இருந்தால், அது 100 எழுத்துக்கு மேல் நீளமான, வேறு வழியில் உருவாகி வேறு வேகத்தில் சிதையும் ஆர்.என்.ஏ. என்பதை நினைவில் வையுங்கள். பிளாஸ்மாவில் அதை நம்புவதற்கில்லை. கண்டறியப்படாதவற்றுக்குப் பூஜ்யம் போடாதீர்கள். ‘அளந்தும் கிடைக்கவில்லை’, ‘அளக்கவே இல்லை’ என்று இரண்டு தனிக் குறியீடுகள் வேண்டும்.

இலக்கு மரபணுக்களுக்குத் தனி அட்டவணை. கணினிக் கணிப்பு மட்டுமா, ஒளிரும் நொதியால் பிணைப்பைச் சோதிக்கும் லூசிஃபெரேஸ் சோதனை நடந்ததா, அதில் பிணைப்பிடத்தைப் பிறழவைத்தபோது விளைவு மறைந்ததா, புரத அளவு மாறியதா என்று சான்றின் தரத்தைப் படிப்படியாகக் குறியுங்கள். மிர்-129-2 மரபணு மெத்திலேற்றத்தால் அடங்கி, சாக்ஸ்4 உயர்வதாகக் காட்டிய ஆய்வில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனியாகச் சோதிக்கப்பட்டது. அதையும் வெறும் கணிப்பையும் ஒரே ‘இலக்கு’ நெடுவரிசையில் சமமாக வைப்பது அநியாயம். இலக்கு மரபணுப் பெயர்கள் எக்செல்லில் தேதியாக மாறும் தொல்லையும் உண்டு. மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்களை மரபணுப் பெயர்க்குழுவே 2020இல் மாற்றவேண்டி வந்தது. பழைய கட்டுரைகளின் இணைப்புக் கோப்புகளில் அந்தத் தேதிகள் இன்னும் இருக்கின்றன. அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று அமைத்த பிறகே கோப்பை உள்ளே எடுங்கள்.

செல் வரிசைகளில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களில்) நடந்த சோதனைகளுக்கு, செல் வரிசைகளைப் பட்டியலிடும் செலோசாரஸ் தரவுத்தளத்தின் எண்ணைச் சேருங்கள். 2012இல் வெளியான டி.என்.ஏ. ஒப்பாய்வு ஒன்று, உட்படலச் செல்கள் என்று ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட இசிசி-1இன் அடையாளம் இஷிகாவாவோடு பொருந்துவதையும், ஹெச்இஎஸ் உண்மையில் ஹீலா என்பதையும் காட்டியது. ஹீலா கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல். இவற்றில் நடந்த சோதனைகளை அழித்துவிட வேண்டியதில்லை. ஆனால் இசிசி-1, இஷிகாவா இரண்டிலும் கிடைத்த ஒரே முடிவை இரண்டு தனிச் செல் வரிசைகளின் சான்றாக எண்ணக் கூடாது.

கடைசியாக, கட்டுரையில் அச்சிட்ட பிரைமர், மிமிக் (மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் செயற்கை நகல்), தடுப்பான் வரிசைமுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மிர்பேஸிலும் பிளாஸ்ட் என்ற வரிசைமுறைத் தேடுகருவியிலும் தேடிப் பாருங்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. புற்றுநோய் ஆய்வில், சொன்ன மூலக்கூறுக்குச் சம்பந்தமில்லாத வரிசைமுறையை அச்சிட்ட கட்டுரைகள் கணிசமாக இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜெனிஃபர் பைர்ன் குழுவினர் தொடர்ந்து வெளிக்கொணர்ந்திருக்கிறார்கள். ஒரு கட்டுரைக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும் வேலை இது. பொருந்தவில்லை என்றால் வரியை நீக்காமல் ‘வரிசைமுறை பொருந்தவில்லை’ என்று தேதியோடு குறித்து, பகுப்பாய்விலிருந்து விலக்குங்கள். நீக்கிவிட்டால் அடுத்து வருபவர் அதே கட்டுரையை மறுபடி உள்ளே எடுத்துவிடுவார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்ற நெடுவரிசையை ஆண்டுக்கு இருமுறையாவது புதுப்பியுங்கள். எடுத்தெழுதும் வேலையை இருவர் தனித்தனியாகச் செய்து ஒப்பிடட்டும். வேறுபட்ட இடங்களில் எந்த மதிப்பு ஏற்கப்பட்டது, ஏன் என்பதும் அதே கோப்பில் இருக்கட்டும்.